கம்பெனி கலைந்த பிறகு

(சூரமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட வடிவம்)



கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிப்பவன் என்பதால், பொற்காலத்துக்குப் பிந்தைய ஆங்கில நாடகத்தின் நலிவைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். இசைவு தந்தபோதே நானும் ஒன்று கேட்டுக்கொண்டேன். இலண்டனைப் பற்றிப் பேசுகிறேன், கூடவே நம் மேடையைப் பற்றியும் பேச இடம் கொடுங்கள் என்றேன். பெரிய மனத்தோடு ஒப்புக்கொண்டீர்கள், நன்றி.

அப்படிக் கேட்டதற்கு இந்த ஊரே காரணம். சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராக முகாம் மாற்றிய காலத்தில் அவை ரயிலை நம்பியே பிழைத்தன. படுதாக்கள், தட்டிகள், கிரீடப் பெட்டிகள், ஆர்மோனியம், சமையல் அண்டாக்கள், இவற்றோடு தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு கூட்டம் பிள்ளைகள். சேலத்துக்கு ரயிலில் வந்த கம்பெனி பெரும்பாலும் இங்கேதான் இறங்கியிருக்கும். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததே 2013இல்தான். இராசிபுரம், நாமக்கல் பக்கம் போக வேண்டிய சாமான்கள் இங்கிருந்து வண்டி கட்டித்தான் போயிருக்கும். தமிழ் நாடகத்தின் வரலாற்றில் இந்த நடைமேடைக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் நம்புகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. ஒரு மொழியின் நாடகம் செழிப்பதையும் நலிவதையும் எழுத்தாளர்களின் திறமையை வைத்து மட்டும் விளக்கிவிட முடியாது. சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து ஒத்திகை பார்த்து, அதிலேயே சோறு தின்று, ஆண்டு முழுவதும் நடிக்கிற ஒரு நிலையான குழு இருக்கிறதா இல்லையா என்பதே அடிப்படையான கேள்வி. இலண்டனில் அந்தக் குழுவைச் சட்டம் கலைத்தது. தமிழ்நாட்டில் யாரும் கதவைச் சாத்தச் சொல்லாமலே அது கலைந்தது. இரண்டு இடத்திலும் அதற்குப் பிறகு நாடகம் பழைய உயரத்தைத் தொடவில்லை.

1. பொற்காலம் யாருடைய காலம்?

நம் பாடத்திட்டங்கள் ஆங்கில நாடக வரலாற்றை ஆசிரியர் வரிசையாகவே சொல்கின்றன. மார்லோ, ஷேக்ஸ்பியர், பென் ஜான்சன், வெப்ஸ்டர். அதற்குப் பிறகு போர்டு, ஷெர்லி. அதற்குப் பிறகு நலிவு. இப்படிப் படிக்கும் மாணவனுக்கு, திடீரென்று ஒரு தலைமுறையில் மேதைகள் பிறப்பது நின்றுபோனதாகத் தோன்றும். மேதைகள் பிறப்பதும் நிற்பதும் அப்படி நடப்பதில்லை.

கட்டடங்களையும் குழுக்களையும் வைத்து அதே வரலாற்றைப் பாருங்கள். 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் இலண்டன் நகர எல்லைக்கு வெளியே, ஷோர்டிச்சில், நாடகத்துக்கென்றே ஒரு கொட்டகை கட்டினார். 1594இல் சேம்பர்லின் பிரபுவின் ஆதரவில் ஒரு குழு அமைந்தது. 1599இல் அவர்கள் தேம்ஸ் நதியின் தென்கரையில் குளோப் அரங்கைக் கட்டிக்கொண்டார்கள். 1603இல் அவர்களே அரசரின் குழு ஆனார்கள். ஷேக்ஸ்பியர் அந்தக் குழுவில் பங்குதாரர், நடிகர், அதற்குப் பிறகுதான் ஆசிரியர். லாபத்தில் அவருக்குப் பங்கு, நஷ்டத்திலும் பங்கு.

அவர் யாருக்காக எழுதினார் என்பது அவருக்குத் தெரியும். குழுவின் கோமாளி வில் கெம்ப் 1599 வாக்கில் விலகிப் போனார். ஆட்டத்துக்கும் குதிப்புக்கும் பெயர்போனவர் அவர். அவர் இடத்துக்கு ராபர்ட் ஆர்மின் வந்தார். பாடத் தெரிந்தவர், கூர்மையான நாக்கு உடையவர். அதன் பிறகு ஷேக்ஸ்பியரின் கோமாளிகளே மாறிப்போனார்கள். லியர் அரசனோடு புயலில் நிற்கும் அந்த அறிவாளிக் கோமாளி, ஆர்மின் போன்ற ஒருவர் கையருகே இல்லாவிட்டால் பிறந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

இதே உறவு நம்மிடமும் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், நடிகராக இருந்து வாத்தியார் ஆனவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அந்தச் சபையில் சிறுவனாகச் சேர்ந்த தி.க. சண்முகம் பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை'யில் சுவாமிகளைப் பற்றி விரிவாக எழுதினார். பிள்ளைகளுக்கென்று அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்ற செய்தி அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியும். அதை வெறும் அதிசயமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். ஒரே இரவில் எழுத முடிந்ததற்குக் காரணம் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எந்தச் சுருதி, எவனுக்கு வசனம் நாக்கில் புரளும், எவன் அழுதால் சபை அழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நடிகர்கள் கண்ணெதிரே படுத்துத் தூங்குகிறார்கள். வாத்தியார் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறார்.

2. குழுவுக்குள் நடந்தது

கம்பெனி வாழ்க்கையை நான் அழகுபடுத்தப் போவதில்லை. அதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பாய்ஸ் கம்பெனிகளில் சேர்ந்த பிள்ளைகள் பெரும்பாலும் வறுமையால் வந்தவர்கள். எம்.ஜி.ஆரும் அவர் அண்ணனும் குடும்பத்தின் பசி காரணமாகவே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்க்கப்பட்டார்கள். சிவாஜி கணேசன் தாயும் தந்தையும் இல்லாதவன் என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். பெற்றோரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்வார்கள். அதன்பின் கம்பெனி வீடுதான் வீடு. விடிகாலையில் சாதகம், பிறகு உடற்பயிற்சி, பாடம், ஆட்டம், மாலையில் வேஷம், இரவு முழுக்க நாடகம். தப்பு வந்தால் பிரம்பு. இரவோடு இரவாக ஓடிப்போன பிள்ளைகளின் கதை ஒவ்வொரு பழைய நடிகரின் நினைவுக் குறிப்பிலும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது மகரக்கட்டு. பெண் வேடமான ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறந்த பிள்ளைக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒருநாள் குரல் உடையும். நேற்றுவரை ஒன்ஸ்மோர் கேட்ட சபை இன்று சிரிக்கும். அந்தப் பையனின் இடத்துக்கு இன்னொரு பையன் வருவான். குரல் மீண்டால் நாயகன் வேடமான ராஜபார்ட், மீளாவிட்டால் படுதா இழுக்கும் வேலை, அதுவும் இல்லாவிட்டால் ஊருக்கு ரயில் டிக்கெட்.

இலண்டனும் இதைப் பார்த்திருக்கிறது. அங்கேயும் பெண் வேடம் கட்டியவர்கள் பிள்ளைகளே. முழுக்கப் பிள்ளைகளால் ஆன குழுக்களும் இருந்தன. ஹாம்லெட் நாடகத்திலேயே அவர்களைப் பற்றிய பேச்சு வருகிறது. 1600ஆம் ஆண்டின் இறுதியில் ஹென்றி கிளிப்டன் என்பவரின் மகன் பள்ளிக்குப் போகும் வழியில் பிளாக்பிரையர்ஸ் அரங்கக் குழுவுக்காகப் பிடித்துச் செல்லப்பட்டான். செல்வாக்குள்ள தகப்பன் என்பதால் முறையிட்டார், பிள்ளை மீண்டான். முறையிட ஆளில்லாத பிள்ளைகள் எத்தனை பேரோ.

இவ்வளவு கொடுமையும் இருந்த இடத்தில்தான் அந்தக் கலையும் வளர்ந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் சுமக்க வேண்டும். ஒரு கம்பெனி பல நாடகங்களைத் தயாராக வைத்திருந்து மாற்றி மாற்றிப் போடும். இன்று இராமனாக நிற்பவன் நாளை வேறு நாடகத்தில் வாயிற்காவலன். இப்படி ஆண்டுக்கணக்கில் ஆடியவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவனின் மூச்சு எங்கே நிற்கும் என்பதுவரை தெரிந்திருக்கும். அந்தப் பயிற்சியைத் தனியாக உட்கார்ந்து யாரும் பெற முடியாது.

இராசிபுரம் பக்கம் ஓர் ஆர்மோனியக் கலைஞர் வீட்டில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டு, தையல் பிரிந்து, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. நாடகம் முழுவதும் அதில் இல்லை. ஒரே ஒரு வேடத்துக்கான வசனமும் பாட்டும் மட்டும் இருந்தன. பாட்டுக்கு மேலே ராகம், தாளம், எந்த மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்பு. எதிரே நிற்பவர் பேசும் பகுதிக்கு அவர் வாக்கியத்தின் கடைசி ஒன்றிரண்டு சொற்கள் மட்டும். அந்தச் சொல் காதில் விழுந்தால் இவர் பேச வேண்டும். அதற்கு முன்னால் அவர் என்ன பேசினார் என்பதை மேடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு உடனே இலண்டன் டல்விச் கல்லூரியில் இருக்கும் ஒரு சுவடி நினைவுக்கு வந்தது. எட்வர்டு ஆலின் என்ற பெருநடிகர், ராபர்ட் கிரீன் எழுதிய ஆர்லாண்டோ நாடகத்தில் தமக்கான பகுதியாக வைத்திருந்த தாள்கள் அவை. எலிசபெத் காலத் தொழில்முறை மேடையிலிருந்து அப்படி எஞ்சியது அது ஒன்றே என்கிறார்கள். அதிலும் இதே முறை: தன் வசனம் முழுதாக, மற்றவர் வசனத்தின் வால் மட்டும். இரண்டு கண்டங்கள், முந்நூறு ஆண்டு இடைவெளி. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியே இல்லை. காகிதம் விலை அதிகம், பிரதி திருட்டுப் போகும் பயம் இருவருக்கும் உண்டு. அதற்கும் மேலே, நாடகம் முழுவதும் ஒருவர் கையில் இல்லை, எல்லோரும் சேர்ந்து நின்றால்தான் அது நாடகம். நிலையான குழு இல்லாத இடத்தில் இந்த முறை ஒரு நாள்கூட நடக்காது.

3. இலண்டனில் நேர்ந்தது

1642 செப்டம்பரில் நாடாளுமன்றம் நாடக அரங்குகளை மூடியது. உள்நாட்டுப் போரின் தொடக்கம். பியூரிட்டன் எனப்படும் தூய்மைவாதிகளின் கை ஓங்கிய நேரம். 1644இல் குளோப் அரங்கு இடிக்கப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் பொது மேடை இல்லை. திருட்டுத்தனமாகச் சில ஆட்டங்கள் நடந்தன, அவ்வளவே.

பதினெட்டு ஆண்டு என்பது ஒரு தலைமுறை. மூத்த நடிகரின் கீழ் வேடம் கட்டிக் கற்ற பிள்ளை வளர்ந்து இன்னொரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் சங்கிலி அங்கே அறுந்தது. 1660இல் மன்னராட்சி திரும்பியதும் மேடையும் திரும்பியது. ஆனால் அரசர் உரிமம் கொடுத்தது கில்லிக்ரூ, டாவனண்ட் என்ற இருவருக்கு மட்டும். 1682இல் அந்த இரண்டு குழுக்களும் ஒன்றாகிவிட்டன. ஒரே நேரத்தில் பல குழுக்கள் போட்டி போட்ட நகரத்தில் ஒரே ஒரு குழு.

இந்த நலிவுக்கு விதை முன்பே விழுந்துவிட்டது என்பது என் கருத்து. குளோப் அரங்கின் முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. 1609 வாக்கில் அரசரின் குழு ஆடத் தொடங்கிய பிளாக்பிரையர்ஸ் உள்ளரங்கில் குறைந்த கட்டணமே ஆறு பென்னி. காசுள்ளவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. எழுத்தாளர்கள் மெல்ல மெல்ல ஆறு பென்னிக்காரர்களுக்காக எழுதத் தொடங்கினார்கள். தரை டிக்கெட் இல்லாத கொட்டகையில் நாடகம் சீக்கிரம் மெலிந்துவிடுகிறது. 1660க்குப் பிறகு வந்த நகைச்சுவை நாடகங்களில் அறிவுக்கூர்மை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அரண்மனையைச் சுற்றியிருந்த ஒரு சிறு கூட்டத்தின் படுக்கையறையும் வரவேற்பறையும் தாண்டி அவை பெரும்பாலும் போகவில்லை. பிறகு 1737இல் உரிமச் சட்டம் வந்தது. புதிய நாடகம் எதுவானாலும் தணிக்கை பார்த்த பிறகே மேடை ஏறலாம். அந்தத் தணிக்கை 1968வரை நீடித்தது.

ஒன்றை மட்டும் நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623இல், அவருடைய சக நடிகர்களான ஹெமிங்சும் காண்டெலும் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள். அவற்றில் பாதி அதற்கு முன் அச்சேறாதவை. மாக்பெத் நமக்குக் கிடைத்தது அந்த இரண்டு நடிகர்களால்தான். குழு கலையும் முன்பே தன் சொத்தை எழுதி வைத்துவிட்டுப் போயிற்று. இங்கே நம்மிடமோ, சங்கரதாஸ் சுவாமிகள் நாற்பதுக்கு மேல் நாடகங்கள் எழுதினார் என்பார்கள். முழுப் பிரதியாகக் கைக்குக் கிடைப்பவை அவற்றில் ஒரு பகுதியே.

4. சினிமா கொன்றதா?

தமிழ் நாடகத்தைச் சினிமா கொன்றது என்பது ஊரறிந்த தீர்ப்பு. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு அப்படியே நிற்கவில்லை.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வந்தது 1931 அக்டோபரில். அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். தொடர்ந்து மேடையின் பவளக்கொடியும் மேனகாவும் படமாயின. 1935இல் நந்தனாராக நடிக்கக் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் தந்தார்கள் என்பது அன்று தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்ட செய்தி.

ஆனால் தமிழ் மேடையின் செழிப்பான ஆண்டுகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. நவாப் ராஜமாணிக்கம் தசாவதாரத்தையும் ஏசுநாதரையும் பிரம்மாண்டமாக நிறுத்தியது, தி.க. சண்முகம் ஔவையாராக வாழ்ந்து காட்டியது, சக்தி நாடக சபா எஸ்.டி. சுந்தரத்தின் கவியின் கனவை நடத்தியது, கே.ஆர். ராமசாமிக்காக அண்ணா வேலைக்காரியும் ஓர் இரவும் எழுதியது, எம்.ஆர். ராதா இரத்தக்கண்ணீரால் சபையை உலுக்கியது, எல்லாம் பேசும்படம் வந்த பிறகு. 1944 பிப்ரவரியில் பக்கத்து ஈரோட்டில் நாடகக் கலை மாநாடு கூட்டும் தெம்பு நாடகக்காரர்களுக்கு இருந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சினிமாவும் நாடகமும் ஒரே ஊரில், எதிரெதிர்க் கொட்டகைகளில் பிழைத்திருக்கின்றன. உலகப் போர்க் காலத்தில் கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு வந்து படங்கள் குறைந்ததும் நாடகத்துக்குக் கைகொடுத்தது.

பிறகு 1950 வாக்கில் என்ன ஆயிற்று? தி.க. சண்முகம் உள்ளிட்ட டி.கே.எஸ். சகோதரர்களே கால் நூற்றாண்டாக நடத்திய நிலையான சபையைக் கலைத்துவிட்டு அவ்வப்போது கூடி நடிக்கும் குழுவாக மாறினார்கள். மற்றக் கம்பெனிகளும் ஒவ்வொன்றாகப் பெட்டியைக் கட்டின. இதற்குப் பல காரணங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்தன.

கொட்டகை போனது முதல் காரணம். ஒரு மாதம், இரண்டு மாதம் நாடகத்துக்கு விட்ட கட்டடங்கள் நிரந்தரத் திரையரங்குகள் ஆயின. தினமும் காட்சி ஓட்டி வசூல் பார்க்கும் உரிமையாளர், அறுபது பேர் சாப்பிடும் கம்பெனியை ஏன் உள்ளே விடப்போகிறார்? அடுத்து, முன்னணி நடிகர் சினிமாவுக்குப் போனார். ஒருவர் போனால் ஒரு நாடகம் போவதில்லை. அவர் தாங்கியிருந்த எல்லா நாடகங்களும் போகும்.

மூன்றாவது காரணத்தை நம்மூர் வழியாகவே சொல்ல முடியும். டி.ஆர். சுந்தரம் 1930களின் நடுவில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937இல் சதி அகல்யா, 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன், 1956இல் அலிபாபாவும் 40 திருடர்களும். ஏற்காடு சாலையில் அந்த வளாகம் எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளக் கலைஞர்கள், எழுத்தாளர்களுக்குத் தங்க இடம், நேரம் தவறினால் முதலாளியின் கண்டிப்பு, ஒரு படம் முடியும்போதே அடுத்த படத்தின் வேலை. இது நாடகக் கம்பெனியின் அமைப்பே. கலைஞர் கருணாநிதியின் மந்திரி குமாரி மேடை நாடகமாக இருந்து 1950இல் இங்கே படமாயிற்று. பாரதிதாசனும் கண்ணதாசனும் இங்கே எழுதினார்கள். ஆகவே சினிமா நாடகத்திடமிருந்து கதையையும் முகங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சேர்ந்து வேலை செய்யும் அந்த அமைப்பையே எடுத்துக்கொண்டது. மேடைக்கு வேடம் மட்டும் மிஞ்சிற்று. 1963இல் சுந்தரம் மறைந்தார். பின்னாளில் அந்த வளாகமும் கலைந்தது. நுழைவு வளைவு மட்டும் சாலையோரம் நிற்கிறது.

நான்காவது காரணத்தை நான் படித்த நாடக வரலாறுகளில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. நான் சொல்லத் துணிகிறேன். பாய்ஸ் கம்பெனிக்குப் பிள்ளை பிடித்துக் கொடுத்தது பசி. ஊர்தோறும் பள்ளிக்கூடம் வந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. சாப்பாட்டுக்காகப் பிள்ளையை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் கட்டாயம் குறைந்தது. நாடகத்துக்கு அது இழப்பு என்றால், அந்த இழப்பு வந்தே ஆக வேண்டிய இழப்பு. நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். ஆனால் பிள்ளைகளை வதைக்காமல் நடிகர்களை உருவாக்கும் வேறு ஏற்பாட்டை அப்போது யாரும் செய்யவில்லை. ஓர் ஏற்பாடு போனது. அந்த இடம் காலியாகவே கிடந்தது.

இவற்றோடு 1954இல் சென்னை மாகாண நாடகச் சட்டம். எம்.ஆர். ராதாவின் இராமாயண நாடகத்தை மனத்தில் வைத்தே அது வந்தது என்பார்கள். பிரதியை முன்கூட்டியே கேட்டு வாங்கவும் நாடகத்தைத் தடுக்கவும் அரசுக்கு அது அதிகாரம் தந்தது. பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. 1737ஆம் ஆண்டின் இலண்டன் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் ஒன்றே தமிழ் மேடையைக் கலைத்துவிடவில்லை. தள்ளாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது மேலும் ஒரு சுமை.

1957 ஆகஸ்டில் சக்தி கிருஷ்ணசாமி எழுதிய வீரபாண்டிய கட்டபொம்மனைச் சிவாஜி கணேசன் இதே சேலத்தில் அரங்கேற்றினார். நூறு முறைக்கு மேல் மேடையேறிய பின் 1959இல் அது படமாயிற்று. அந்த அரங்கேற்றத்தைச் சேலம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது, சொல்லிக்கொள்ளவும் வேண்டும். ஆனால் அதன் திசையைப் பாருங்கள். கம்பெனியில் வளர்ந்த நடிகர், சினிமாவில் பெயர் எடுத்து, அந்தப் பெயரால் ஒரு மேடையைத் தாங்குகிறார். மேடையில் பழுத்தது படமாகிறது. நாடகம் தன் காலில் நின்ற காலம் முடிந்துவிட்டிருந்தது.

5. எஞ்சியவர்கள்

ஸ்பெஷல் நாடகம் எஞ்சியது. அதற்குக் கம்பெனி கிடையாது. திருவிழாவுக்கு ஊர்க்காரர்கள் முன்பணம் கொடுக்கிறார்கள். ஓர் ஊரிலிருந்து முருகன், இன்னோர் ஊரிலிருந்து வள்ளி, மூன்றாவது ஊரிலிருந்து நாரதர், வேறெங்கிருந்தோ பபூன். அன்று மாலை மேடைக்குப் பின்னால்தான் சந்திக்கிறார்கள், விடியும்வரை வள்ளி திருமணம் நடத்துகிறார்கள். எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் பொது என்பதால் இது முடிகிறது. மேடையில் அவர்கள் நடத்தும் தர்க்கத்தைக் கேட்டு நான் வியந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர்களால் புதிய நாடகம் போட முடியாது. புதியதற்கு ஒத்திகை வேண்டும், ஒத்திகைக்குச் சேர்ந்து இருக்க வேண்டும், சேர்ந்திருக்கச் சம்பளம் வேண்டும். 1922இல் சுவாமிகள் மறைந்தார்; அந்த மேடை பெரும்பாலும் அவர் விட்டுச்சென்ற இடத்திலேயே நிற்கிறது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சென்னைச் சபா நாடகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகம் முடிந்து வந்து நடித்த திறமைசாலிகள் பலர் அங்கே இருந்தார்கள். பாலசந்தரும் சோவும் அங்கிருந்து வந்தவர்களே. ஆனால் சேலமும் நாமக்கல்லும் அவர்களுக்கு எப்போதாவது வந்துபோகும் ஊர்கள்.

நாமக்கல் பெற்ற ஒருவரைத் தனியாகச் சொல்லியே தீர வேண்டும். இராசிபுரம் சுப்பிரமணியம் மனோகர், நீங்கள் அறிந்த ஆர்.எஸ். மனோகர். திரையில் வில்லனாகச் சம்பாதித்ததை மேடையில் கொட்டினார். 1954இல் தொடங்கிய நேஷனல் தியேட்டர்ஸ் மூலம் இலங்கேஸ்வரன், சாணக்கிய சபதம், சூரபத்மன் என்று பிரம்மாண்டமான தந்திரக் காட்சிகளோடு பல்லாண்டு ஊர் ஊராகப் போனார். எல்லோரும் கம்பெனியைக் கலைத்த காலத்தில் அவர் ஒரு கம்பெனியைக் கட்டி நிறுத்தினார். ஆனால் அது ஒரு மனிதரின் தோளில் நின்றது. 2006இல் அவர் மறைந்தபின் அதைத் தூக்க வேறு தோள் இல்லை.

ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை முழுநேர நடிகர்களை வளர்க்க முயன்றது. பசுபதியையும் கலைராணியையும் போன்றவர்கள் அங்கே பயின்று திரைக்குப் போனார்கள். இங்கே மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணன் மணல்வீடு இதழ் வழியாகவும் களரி அமைப்பு வழியாகவும் தெருக்கூத்து ஆடும் சேலத்துக் கூத்தர்களையும் அவர்கள் பிரதிகளையும் காப்பாற்றப் பாடுபடுகிறார். ஹெமிங்சும் காண்டெலும் செய்த வேலை அது.

6. குழுவைக் கலையவிடாதவர்கள்

காலம் மாறிவிட்டது, இனி நிலையான குழு சாத்தியமில்லை என்று சொல்பவர்களுக்கு நான் நம் அண்டை வீடுகளையே காட்டுகிறேன். கடப்பைப் பக்கத்தில் 1885இல் தொடங்கிய சுரபி நாடகக் குடும்பத்தார் தலைமுறைகள் தாண்டித் தெலுங்கில் ஆடுகிறார்கள். மைசூரில் 1989இல் பி.வி. காரந்த் பொறுப்பில் கர்நாடக அரசு ரங்காயணத்தை அமைத்தது. நடிகர்களுக்கு அரசுச் சம்பளம். எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது ஹெக்கோடு. சிவமொக்கா மாவட்டத்தில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே ஒரு கிராமம். அங்கே கே.வி. சுப்பண்ணாவும் நண்பர்களும் 1949இல் நீனாசம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1985 முதல் அவர்களின் திருகாட்டக் குழு ஆண்டுதோறும் புதிய நாடகங்களைத் தயார் செய்து, மாதக்கணக்கில் கர்நாடகம் முழுவதும் சுற்றி ஆடிவிட்டு வருகிறது. ஷேக்ஸ்பியரும் அங்கே கன்னடம் பேசியிருக்கிறார். பெரிய நகரம் கூட இல்லை அது.

இங்கிலாந்தும் தன் தவறை இருபதாம் நூற்றாண்டில் திருத்திக்கொண்டது. 1961இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, 1963இல் நேஷனல் தியேட்டர். பொதுப் பணத்தின் துணையோடு, நடிகர்களை ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் நடத்தும் அமைப்புகள்.

ஆகவே இந்த அவையில் நான் கேட்பது ஒரு நினைவுச்சின்னம் அல்ல, ஒரு விழாவும் அல்ல. சேலத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழு. பதினெட்டு வயது நிறைந்தவர்கள், ஆணும் பெண்ணும், பாதிப்பேர் கூத்தர் குடும்பங்களிலிருந்தும் ஸ்பெஷல் நாடக மேடையிலிருந்தும். அவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு மாதச் சம்பளம். ஒத்திகைக்கு ஓர் இடம்; பள்ளி விடுமுறை நாள்களில் ஒரு மண்டபம் போதும். ஆண்டுக்கு இரண்டு புதிய நாடகம், சுவாமிகளுடையது ஒன்று. ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல், மேட்டூர், ஓமலூர் என்று ஒவ்வோர் ஊரிலும் ஒரு வாரமாவது தங்கி ஆட வேண்டும். தரை டிக்கெட் கட்டாயம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகமும் மாநகராட்சியும் இந்த ஊர்த் தொழில் நிறுவனங்களும் இதுபோன்ற அறக்கட்டளைகளும் சேர்ந்தால் சுமக்க முடியாத செலவில்லை.

இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. நான் பார்த்ததுபோன்ற சணல் கயிறு கட்டிய நோட்டுகள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. பரணில் இருக்கின்றன, பூச்சி அரிக்கிறது. மாணவர்களே, உங்கள் ஊரில் வேடம் கட்டியவர் யார், ஆர்மோனியம் வாசித்தவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அவர் வீட்டுக்குப் போய், அனுமதி கேட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுங்கள். நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வரும் தை மாதத்துக்குள் கிடைத்ததையெல்லாம் இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். படித்துப் பகுத்துப் பதிப்பிக்கும் பணியில் நான் உங்களோடு உட்காரச் சம்மதிக்கிறேன்.